மலிவு விலை பாக்ஸ் செட்களில் பழைய ஒலிப்பதிவுகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மேற்கத்தியச் செவ்விசையில் 1960க்கு முன் பதிவானவை, பத்து சி.டி. முதல் நூறு சி.டி. வரை அடங்கிய பெட்டிகளாக மலிவாகக் கிடைக்கின்றன. அவற்றின் ஒலித்தரத்தை எப்படி எடைபோடுவது என்பதைப் பற்றிய கேள்விகள் இவை. கீழே ‘டிரான்ஸ்ஃபர்’ என்று வரும் இடமெல்லாம், பழைய இசைத்தட்டையோ நாடாவையோ ஓடவிட்டு அதை டிஜிட்டலாக மாற்றும் வேலையைக் குறிக்கும்.

ஏன் இவ்வளவு மலிவு? மலிவு என்றாலே மட்டமா?

இல்லை. மலிவுக்கு இரண்டு வேறு காரணங்கள் உண்டு. எந்தக் காரணத்தால் மலிவு என்பதைப் பொறுத்துத்தான் தரத்தை ஊகிக்க முடியும்.

முதல் வகை, மூல நாடாவையும் உலோக அச்சையும் கையில் வைத்திருக்கும் நிறுவனமே வெளியிடும் பெட்டி. ரீமாஸ்டர் செய்த செலவு எப்போதோ திரும்பி வந்துவிட்டது. புத்தகம் மெலிந்திருக்கும், உறை வெறும் அட்டையாக இருக்கும், பாடல் வரிகள் இருக்காது. ஒலி மட்டும் முழு விலைக்கு விற்ற அதே ஒலி. இந்த வகையில் ஏமாறுவது அரிது.

இரண்டாம் வகை, காப்புரிமை முடிந்த பதிவுகளை வைத்து வேறு நிறுவனங்கள் போடும் பெட்டி. ஐரோப்பிய ஒன்றியத்தில் ஒலிப்பதிவுக்கான காப்பு 50 ஆண்டுகளாக இருந்தது. 2011இல் வந்த சட்டம் அதை 70 ஆக்கியது. ஆனால் 1963க்கு முன் வெளியானவை அதற்குள் பொதுவுடைமையாகிவிட்டதால் அவை திரும்பக் காப்புக்குள் போகவில்லை. இத்தகைய பெட்டிகள் பெரும்பாலும் 1950களோடு நின்றுவிடுவது இதனால்தான். இங்கே மூலம் யாரோ ஒருவரிடம் இருந்த தட்டாக இருக்கலாம், எல்.பி.யாக (நீண்ட நேரம் ஓடும் இசைத்தட்டு) இருக்கலாம், இன்னொருவர் பாடுபட்டுச் செய்த டிரான்ஸ்ஃபரின் நகலாகவும் இருக்கலாம். ஒரே பெட்டிக்குள் நான்காவது சி.டி. அருமையாகவும் ஐந்தாவது கேட்க முடியாததாகவும் இருப்பது சகஜம். எனவே ஒரு தட்டைக் கேட்டுவிட்டுப் பெட்டி முழுவதற்கும் தீர்ப்பு எழுதாதீர்கள்.

இரைச்சல் அதிகம் இருந்தால் மோசமான டிரான்ஸ்ஃபர் என்று கொள்ளலாமா?

பெரும்பாலும் நேர்மாறு. 78 தட்டுகள், அதாவது நிமிடத்துக்கு 78 சுற்றுச் சுழலும் பழைய இசைத்தட்டுகள், அரக்கும் கல்பொடியும் கலந்து வார்க்கப்பட்டவை. முள் அதில் உரசும்போது இரைச்சல் வந்தே தீரும். அது சீராக இருந்தால் இரண்டு மூன்று நிமிடத்தில் காது அதை ஒதுக்கிவிடும், மழை பெய்யும்போது பேசுபவர் குரலை மட்டும் பிடித்துக்கொள்வதைப் போல. இரைச்சலோடு சேர்த்து வழித்து எறியப்பட்ட வயலின் நாதத்தைக் காதால் மீட்க முடியாது.

‘சுத்தமாக இருக்கிறது’ என்பது பழைய பதிவுக்குப் பாராட்டே அல்ல. 1930ஆம் ஆண்டுத் தட்டு ஒன்று இரைச்சலே இல்லாமல் ஒலித்தால், என்ன காணாமல் போயிருக்கிறது என்றுதான் முதலில் பார்க்க வேண்டும்.

அதற்காக இரைச்சல் எல்லாமே மூலத்தின் தலைவிதி என்றும் சொல்லிவிட முடியாது. ஒரே பதிவு பல நாடுகளில் அச்சானது. பிரிட்டிஷ் ஹெச்.எம்.வி. அச்சுகள் சடசடக்கும். அதே இசை 1930களின் அமெரிக்க விக்டர் அச்சில் மிக அமைதியாக இருக்கும். நல்ல பொறியாளர் அமைதியான அச்சைத் தேடிப் பிடிப்பார். மலிவு வேலை கையில் கிடைத்த தட்டை எடுத்து ஓட்டி, பிறகு கணினியைத் தேய்க்க விடும்.

எந்தக் காலத்துப் பதிவிடம் எவ்வளவு எதிர்பார்க்கலாம்?

1925க்கு முன்: மைக் கிடையாது. பாடகர் ஒரு கூம்புக்குள் பாடுவார், அந்தக் காற்றழுத்தமே மெழுகில் பள்ளம் வெட்டும். ஏறத்தாழ 250 முதல் 2,500 ஹெர்ட்ஸ் வரைதான் உருப்படியாகப் பதிவாகும். ஆண்குரல் பிழைத்துக்கொள்ளும், இசைக்குழு பிழைக்காது. டபுள் பாஸ் பதிவாகாததால் அதன் இடத்தில் டியூபாவை ஊதவைத்தார்கள். இசைக்குழு நடத்துநர் ஆர்தர் நிக்கிஷ் 1913இல் பெர்லின் ஃபில்ஹார்மோனிக் குழுவுடன் பதிவுசெய்த பீத்தோவன் ஐந்தாம் சிம்பொனியை இந்தக் கணக்கோடுதான் கேட்க வேண்டும்.

1925க்குப் பின்: மைக்கும் மின் பெருக்கியும் வந்தன. தொடக்கத்தில் சுமார் 100 முதல் 5,000 ஹெர்ட்ஸ், 1930களின் இறுதியில் இன்னும் மேலே. பியானோ கலைஞர் ஷ்னாபல் 1932–35இல் பதிவுசெய்த பீத்தோவன் சொனாட்டாக்களும், கசால்ஸ் 1936–39இல் வாசித்த பாக் செல்லோ சூட்களும் இந்தக் காலத்தவை. 1940களின் நடுவில் டெக்கா நிறுவனம் 14,000 ஹெர்ட்ஸ் வரை எட்டியது.

நாடா: ஜெர்மன் வானொலியில் 1940களின் தொடக்கத்திலேயே தரமான காந்த நாடா இருந்தது. போரின் கடைசிக் கட்டத்தில் பியானோ கலைஞர் கீசெகிங் பெர்லினில் வாசித்த பீத்தோவனின் ‘எம்பரர்’ கான்செர்ட்டோ ஸ்டீரியோவிலேயே இருக்கிறது. மென்மையான இடங்களில் தூரத்தில் கேட்கும் அதிர்வு, டிரான்ஸ்ஃபர் குறையல்ல, விமான எதிர்ப்புப் பீரங்கி. மற்ற நாடுகளின் ஸ்டுடியோக்கள் 1940களின் இறுதியில்தான் நாடாவுக்கு மாறின. 1954 முதல் ஆர்.சி.ஏ. நிறுவனமும் டெக்காவும் ஸ்டீரியோவில் தொடர்ந்து பதிவுசெய்தன.

1953ஆம் ஆண்டு ஸ்டுடியோ பதிவு ஒன்று 1935ஆம் ஆண்டுத் தட்டு மாதிரி மங்கலாக ஒலித்தால், குற்றம் காலத்தின் மேல் இல்லை. 1928ஆம் ஆண்டுப் பதிவில் பாஸ் அதிர்ந்து, ஜால்ரா பளபளத்தாலும் யாரோ உள்ளே கைவைத்திருக்கிறார்கள்.

பத்து நிமிடத்தில் ஒரு சி.டி.யைச் சோதிக்க எந்த இடங்களைக் கேட்பது?

முதலில், இசை தொடங்குவதற்கு முன்னான ஒரு விநாடி. அங்கே தட்டின் இரைச்சல் இருந்து, அதன் மேல் இசை எழ வேண்டும். வெறும் மௌனத்திலிருந்து இசையும் இரைச்சலும் சேர்ந்து குதித்தால் இரைச்சல் வாயில் போட்டிருக்கிறார்கள் என்று பொருள்: ஒலி ஓர் அளவுக்குக் கீழே போனால் கதவைச் சாத்திவிடும் கருவி அது.

அடுத்து பியானோவின் கடைசி ஸ்வரக்கூட்டு. அது தேய்ந்து தேய்ந்து இரைச்சலுக்குள் கரைய வேண்டும். பாதியில் வெட்டுப்பட்டாலும், தேயும்போது தண்ணீருக்குள் போவதுபோல் குழைந்தாலும் கணக்கு முடிந்தது. எல்லாச் சோதனையிலும் நாங்கள் அதிகம் நம்புவது இதைத்தான்.

மூன்றாவது, பக்கம் மாறும் இடம். 12 அங்குலத் தட்டின் ஒரு பக்கம் நாலு, நாலரை நிமிடம். ஆகவே ஓர் அசைவில் (மூவ்மெண்ட், அதாவது ஒரு படைப்பின் தனிப் பகுதி) ஏறக்குறைய ஒவ்வொரு நாலு நிமிடத்துக்கும் ஓர் ஒட்டு இருக்கும். ஒட்டுக்கு முன்னும் பின்னும் சுருதி, தொனி, இரைச்சல் அளவு மூன்றும் ஒத்துப்போகின்றனவா? ஒரு ஸ்வரம் விழுந்ததா, இரண்டு முறை வந்ததா? தட்டின் உள்வட்டத்தில் ஒலி இயல்பாகவே மங்கும். அதனால் புதிய பக்கம் தொடங்கும்போது திரை விலகியதுபோல் இருக்கும். நல்ல பொறியாளர் அதைப் படிப்படியாகச் சரிக்கட்டியிருப்பார்.

நான்காவது, இடைவெளியின்றி ஓடவேண்டிய இடங்கள். மெண்டல்சன் வயலின் கான்செர்ட்டோவில் முதல் அசைவு முடிந்தும் பஸூன் ஒரு ஸ்வரத்தைப் பிடித்துக்கொண்டே இரண்டாவதற்குள் இட்டுச்செல்லும். பீத்தோவன் ஐந்தாம் சிம்பொனியில் மூன்றாவதும் நான்காவதும் ஒட்டியே வரும். இங்கே இரண்டு விநாடி மௌனம் விழுந்தால், தயாரித்தவர்கள் ஒருமுறைகூட உட்கார்ந்து கேட்கவில்லை என்று தெரிந்துவிடும்.

கடைசியாக, முழுக்குழுவும் உச்சத்தில் முழங்கும் இடமும், பாட்டு என்றால் ‘ஸ’, ‘த’, ‘க’ போன்ற மெய்யொலிகளும் தெளிவாகக் கேட்கின்றனவா என்று பாருங்கள்.

இரைச்சல் நீக்கும் மென்பொருளை அளவுக்கு மீறிப் போட்டால் எப்படித் தெரியும்?

மூன்று அடையாளங்கள். ஒன்று, இசைக்குப் பின்னால் சின்னச் சின்ன கண்ணாடி மணிகள் போல ஒரு கிணுகிணுப்பு. மென்பொருள் ஒலியை நூற்றுக்கணக்கான அதிர்வெண் பட்டைகளாகப் பிரித்து, எது இரைச்சல் என்று ஒவ்வொன்றிலும் முடிவெடுக்கிறது. எல்லைக்கோட்டில் இருக்கும் பட்டைகள் திறந்து திறந்து மூடும்போது வரும் சத்தம் அது. இரண்டு, இசை உரத்தால் இரைச்சலும் எழும்பி, இசை தணிந்தால் கூடவே அமிழும் மூச்சுவாங்கல். சீரான இரைச்சலைவிட இது பல மடங்கு தொல்லை. மூன்று, அரங்கமே காணாமல் போவது: வாத்தியம் இருக்கும், அதைச் சுற்றிய காற்று இருக்காது.

சடசடப்பு நீக்கும் கருவியின் சேட்டை தனி. அது கூர்மையான அலைமுனைகளைத் தேடி அழிக்கிறது. டிரம்பெட்டின் அலைவடிவமும் கூர்மையானது. ஆகவே பித்தளை வாத்தியங்கள் ஓங்கும் இடத்தில் மட்டும் கரகரப்பு வந்து, மற்ற இடம் சுத்தமாக இருந்தால் தட்டின் மேல் சந்தேகப்படாதீர்கள். கருவி டிரம்பெட்டைக் கீறல் என்று நினைத்துக் கடித்திருக்கிறது. ஹார்ப்சிகார்டுக்கும் இதே கதிதான்.

மூலம் நாடாவா, 78 தட்டா, எல்.பி.யா என்று காதாலேயே கண்டுபிடிக்க முடியுமா?

முடியும், கடிகாரம் இருந்தால் போதும். தட்டில் ஆரவாக்கில் ஒரு கீறல் இருந்தால் சுற்றுக்கு ஒருமுறை ‘டிக்’ கேட்கும். 78 தட்டு ஒரு சுற்றுக்கு எடுத்துக்கொள்வது 0.77 விநாடி, 33⅓ எல்.பி.க்கு 1.8 விநாடி, 45 தட்டுக்கு 1.33 விநாடி. பத்து டிக்குகளுக்கு ஆகும் நேரத்தை எடுத்துப் பத்தால் வகுங்கள். பத்துக்கும் சேர்த்துச் சுமார் 18 விநாடி என்றால், அதாவது வகுத்தபின் 1.8 வந்தால், எல்.பி.

1955ஆம் ஆண்டுப் பதிவில், அட்டையில் ‘மூல நாடாவிலிருந்து’ என்று இருந்து, உள்ளே 1.8 விநாடிக்கு ஒரு டிக் கேட்டால் வேறு சாட்சியம் வேண்டாம். 1936ஆம் ஆண்டுப் பதிவில் 1.8 கேட்டால், 78 தட்டைப் பிற்பாடு எல்.பி.யாக்கி, அந்த எல்.பி.யை இப்போது சி.டி.யாக்கியிருக்கிறார்கள், 1950களின் வடிகட்டல் எல்லாம் அதனுள் ஊறிப்போயிருக்கும்.

இசை தொடங்கும் முன் அதன் மெல்லிய நிழல் கேட்பதிலும் இதே கணக்கு உதவும். எல்.பி.யில் பக்கத்துப் பள்ளம் நெளிவதால் வரும் முன்னொலி சரியாக 1.8 விநாடி முந்தி வரும். நாடாவில் ஒரு சுற்றின் காந்தம் அடுத்த சுற்றில் படிவதால் வருவதன் இடைவெளி, சுருளின் பருமனைப் பொறுத்து மெல்ல மாறிக்கொண்டே போகும்.

துளை மையத்தில் இல்லாத தட்டு சுருதியை ஆட்டும்: 78இல் விநாடிக்கு 1.3 முறை. நீண்ட பியானோ ஸ்வரத்தில் இது பளிச்சென்று தெரியும். தட்டை நகர்த்தி மையப்படுத்தச் சில நிமிடம்தான் ஆகும். அதைச் செய்யாதவர்கள் வேறு எதையும் செய்திருக்க வாய்ப்பில்லை.

1930களின் பதிவு, ஆனால் ‘ஸ்டீரியோ’ என்று போட்டிருக்கிறது. உண்மையா?

அந்தக் காலத்தில் உண்மையான ஸ்டீரியோ ஒருசில சோதனைகளில் மட்டுமே உண்டு. நடத்துநர் ஸ்டோகோவ்ஸ்கியை வைத்து பெல் ஆய்வகம் 1931–32இல் செய்தவையும், பொறியாளர் ஆலன் புளூம்லைன் 1934இல் அபே ரோடு ஸ்டுடியோவில் செய்தவையும் அத்தகையவை. மற்றவை போலி: மேலொலியை ஒரு பக்கமும் கீழொலியை மறுபக்கமும் தள்ளுவது, அல்லது ஒரு பக்கத்தைச் சற்றுத் தாமதப்படுத்துவது.

சோதிப்பது எளிது. ஆடாசிட்டி போன்ற மென்பொருளில் பாட்டைத் திறந்து, ஸ்டீரியோ தடத்தை இரண்டு மோனோ தடங்களாகப் பிரியுங்கள். ஒன்றைத் தலைகீழாக்கி, இரண்டையும் சேர்த்து ஓடவிடுங்கள். முழு மௌனம் வந்தால் நேர்மையான மோனோ. சடசடப்பு மட்டும் மிஞ்சினால், ஸ்டீரியோ முள்ளால் எடுத்துவிட்டு மோனோவாக்க மறந்திருக்கிறார்கள். நீங்களே பெருக்கியில் மோனோ பொத்தானை அழுத்தினால் இரைச்சல் குறையும். ஏனெனில் மோனோ தட்டில் இசை பக்கவாட்டு அசைவில் மட்டுமே இருக்கிறது. மேலும் கீழும் குதிக்கும் அசைவு எல்லாம் குப்பை. மோனோவாக்கினால் அது ரத்தாகிவிடும். இசையே மிஞ்சினால் போலி ஸ்டீரியோ. தாமதத்தால் செய்த போலியை மோனோவாக்கினால் குழாய்க்குள் பேசுவதுபோல் பொள்ளலாகும். அப்போது ஒரு பக்கத்தை மட்டும் எடுத்துக் கேளுங்கள். மங்கலான முழக்கம் மட்டும் மிஞ்சினால், மோனோ பதிவுக்குச் செயற்கை எதிரொலி பூசியிருக்கிறார்கள்.

அந்த எதிரொலிப் பூச்சு அவ்வளவு தவறா?

அமெரிக்க வானொலி நிறுவனமான என்.பி.சி.யின் 8ஹெச் ஸ்டுடியோவில் நடத்துநர் டோஸ்கனினி செய்த பதிவுகள் காய்ந்த சருகு மாதிரி இருக்கும். அதற்கு ஈரம் சேர்க்கும் ஆசை புரிகிறது. ஆனால் தாளக் கூர்மைதான் அந்தப் பதிவுகளின் உயிர், பூச்சு முதலில் மழுக்குவது அதைத்தான். பூசாததைக் கேட்பவர் வீட்டில் பூசிக்கொள்ளலாம். பூசியதைக் கழற்ற வழியில்லை.

சுருதி சரியா என்று எப்படிப் பார்ப்பது?

‘78’ என்பது பெயரளவில்தான். 1925க்கு முன் தட்டுகள் எழுபது சொச்சத்திலிருந்து எண்பது சொச்சம் வரை சுழன்று பதிவாயின. 78 என்ற எண்ணிலிருந்து அரை ஸ்வரம் ஏறினால் 82.6, இறங்கினால் 73.6. அதாவது வேகத்தில் 6 சதவீதப் பிழை சுருதியில் அரை ஸ்வரம். அவ்வளவு வேகமாக ஓட்டினால் பத்து நிமிட அசைவு 9 நிமிடம் 26 விநாடியில் முடிந்துவிடும், நடத்துநர் வேகமானவர் என்று பெயர் வாங்குவார்.

கைப்பேசியில் ஒரு டியூனர் செயலியைப் போட்டு, கீ (ஆதார ஸ்வரம்) என்னவென்று தெரிந்த படைப்பின் கடைசிக் கூட்டைக் காட்டுங்கள். ‘ஏ’ ஸ்வரம் 435 முதல் 445 ஹெர்ட்ஸுக்குள் விழுந்தால் போதும். 440 என்ற பொது அளவு 1939இல்தான் ஒப்புக்கொள்ளப்பட்டது. பாடகர்கள் தங்கள் வசதிக்குக் கீயை இறக்கிப் பாடுவதுண்டு. எனவே பாட்டில் சுருதியோடு குரலின் நிறத்தையும் பாருங்கள். டெனர் சிறுவன்போல் கீச்சிட்டு, அதிர்வு மிக வேகமாக இருந்தால் தட்டு வேகமாக ஓடியிருக்கிறது.

வானொலி நாடாவில் மின்சார ரீங்காரம் இருந்தால் அதுவும் துப்புத்தான். 50 ஹெர்ட்ஸ் நாட்டில் பதிவானதில் ரீங்காரம் 53இல் நின்றால் அரை ஸ்வரம் ஏறியிருக்கிறது. சரியாக 50இல் நின்றால் மட்டும் முடிவுக்கு வராதீர்கள். அது டிரான்ஸ்ஃபர் செய்த அறையின் ரீங்காரமாகவும் இருக்கலாம்.

ஒலி மங்கலாகவும் கீழே கொழகொழவென்றும் இருக்கிறது. இரைச்சல் நீக்கமா, வேறு ஏதாவதா?

ஈக்வலைசேஷன் (பதியும்போது கூட்டிக் குறைத்த பாஸ், மேலொலி அளவுகளை ஓட்டும்போது நேர்மாறாகத் திருத்துவது) தவறாக இருக்க வாய்ப்பு அதிகம். 1954க்குப் பிறகுதான் ஆர்.ஐ.ஏ.ஏ. என்ற பொது அளவு நிலைபெற்றது. அதற்கேற்ற பெருக்கி 10,000 ஹெர்ட்ஸில் ஏறத்தாழ 13.7 டெசிபெல் குறைக்கும், ஏனெனில் எல்.பி.யில் அவ்வளவு கூட்டிப் பதிந்திருப்பார்கள். பெரும்பாலான 78 தட்டுகளில் அப்படிக் கூட்டவில்லை. அவற்றை அதே பெருக்கியில் ஓட்டினால் மேலொலி அநியாயமாகப் போகும். கீழே, பாஸ் திருப்பம் (பாஸைக் குறைத்துப் பதியத் தொடங்கும் எல்லை) 250 ஹெர்ட்ஸில் உள்ள தட்டுக்கு 500இன் திருத்தம் கிடைப்பதால் 6 டெசிபெல் வரை பாஸ் ஊதும்.

நல்ல செய்தி: இதை வீட்டிலேயே சரிசெய்யலாம். டிரபிளை ஏற்றி பாஸை இறக்கினால் இசை வெளிச்சத்துக்கு வந்தால், குற்றவாளி ஈக்வலைசேஷன்தான். டிரபிளை ஏற்றியும் மேலே ஒன்றுமே வரவில்லை என்றால் வடிகட்டி அறுத்துவிட்டது, இனிச் செய்ய எதுவுமில்லை.

ஒலியின் அதிர்வெண்களைப் படமாகக் காட்டும் ஸ்பெக்ட்ரோகிராம் பார்ப்பதால் பயன் உண்டா?

உண்டு, காதுக்குத் துணையாக. நேர்மையான 78 டிரான்ஸ்ஃபரில் இசை 5,000–8,000 ஹெர்ட்ஸ் அளவில் முடிந்தாலும், இரைச்சல் அதற்கு மேலும் புகைபோல் பரவியிருக்கும். 6,000இல் கத்தியால் வெட்டியதுபோல் கறுப்பாகிவிட்டால் வடிகட்டல். 16,000 அருகே நேர்க்கோடாக வெட்டுப்பட்டிருந்தால், எம்.பி.3 கோப்பை சி.டி.யாக எரித்திருக்கலாம். 15,000இல் முடிந்து 19,000இல் ஒரு தனி மெல்லிய கோடு இருந்தால் எஃப்.எம். ஸ்டீரியோ ஒலிபரப்பைப் பிடித்தது. அலைவடிவத்தின் உச்சிகள் மட்டமாக வெட்டுப்பட்டு நின்றால், உரக்க ஒலிக்கவேண்டும் என்று அளவு மீறி ஏற்றியிருக்கிறார்கள். முழுக்குழு முழங்கும்போது காது கூசுவதற்கு அதுவே காரணம்.

வாங்குவதற்கு முன் அட்டையைப் பார்த்து எவ்வளவு ஊகிக்கலாம்?

பதிவு நாள், இடம், மேட்ரிக்ஸ் எண் (மூலத் தட்டின் அடையாள எண்) மூன்றும் இருந்தால் நல்ல அறிகுறி. டிரான்ஸ்ஃபர் செய்தவர் பெயர் இருந்தால் இன்னும் நல்லது. வார்டு மார்ஸ்டன், மார்க் ஓபர்ட்-தார்ன் போன்ற பெயர்களைப் பார்த்தால் தயங்க வேண்டியதில்லை. ‘24 பிட் ரீமாஸ்டர்’ என்ற வரிக்கு மதிப்பெண் பூஜ்யம். தேய்ந்த தட்டை 24 பிட்டில் எடுத்தாலும் தேய்ந்த தட்டுதான்.

ஒரே பதிவின் இரண்டு டிரான்ஸ்ஃபர்களை எப்படி ஒப்பிடுவது?

ஒலியளவைச் சமமாக்காமல் ஒப்பிட்டால் உரத்ததுதான் ஜெயிக்கும். இசை ஒலிக்கும் ஒரே இடத்தை இரண்டிலும் எடுத்து, சராசரி அளவை அரை டெசிபெலுக்குள் கொண்டுவாருங்கள். இரைச்சல் கூடிய பதிப்பில் அளவுமானி இரைச்சலையும் சேர்த்து எண்ணும் என்பதால் உரத்த பகுதியைத் தேர்ந்தெடுங்கள். பிறகு 20, 30 விநாடித் துண்டுகளாக மாற்றி மாற்றிக் கேளுங்கள். அதோடு விடாமல், ஒவ்வொன்றிலும் ஓர் அசைவு முழுவதையும் தனித்தனி நாளில் கேளுங்கள். துண்டில் ‘சுத்தமாக’ ஜெயித்தது கால் மணி நேரத்தில் சலிப்பூட்டுவது அடிக்கடி நடக்கும். பயிற்சிக்கு கசால்ஸின் பாக் சூட்களும் ஷ்னாபலின் சொனாட்டாக்களும் வசதி, பல கைகள் டிரான்ஸ்ஃபர் செய்தவை அவை.

ஹெட்போனா, ஸ்பீக்கரா?

குறை தேட ஹெட்போன், ரசிக்க ஸ்பீக்கர். மோனோ இசை ஹெட்போனில் மண்டைக்குள் ஒரு புள்ளியாக நிற்கும், இரைச்சலும் அங்கேயே உட்காரும்.

எதைக் கண்டால் திருப்பி அனுப்பலாம்?

பக்க ஒட்டில் இசை விழுந்திருப்பது, ஒரு பக்கமே விடுபட்டிருப்பது, அசைவுகள் இடம் மாறியிருப்பது, அட்டையில் சொன்ன ஆண்டுக்குப் பதிலாக அதே கலைஞரின் வேறு பதிவு இருப்பது, ஒரு சேனல் செத்திருப்பது. பெரிய பெட்டியில் திருப்பித்தரும் காலக்கெடுவுக்குள் எல்லாவற்றையும் கேட்க முடியாது. ஒவ்வொரு தட்டையும் கணினியில் பிழைசரிபார்ப்போடு நகலெடுத்துவிடுங்கள். வாசிக்க முடியாத தட்டு அங்கேயே மாட்டிக்கொள்ளும். இறுக்கமான அட்டை உறையிலிருந்து இழுத்ததால் விழுந்த கீறலும், உறைப் பசை ஒட்டியதும் இந்த வகையில் அதிகம். பசையை நீர் தோய்த்த மென்துணியால், மையத்திலிருந்து விளிம்பை நோக்கி நேராகத் துடைத்துவிட்டு மறுபடி முயன்று பாருங்கள். பிறகு ஒவ்வொரு அசைவின் நேரத்தையும் அதே பதிவின் வேறொரு வெளியீட்டில் அச்சிட்டிருக்கும் நேரத்தோடு ஒப்பிடுங்கள். சில விநாடி வித்தியாசம் கிடக்கட்டும். ஒரு நிமிடம் குறைந்தால் அந்த அசைவை மட்டும் எடுத்து முழுதாகக் கேளுங்கள்.